நிற்கும் வீடும் ஓடும் வீடும்

கேரவன் என்ற சொல் சில ஆண்டுகளுக்கு முன்புவரை திரைப்பட நடிகர்களோடு மட்டுமே சேர்த்துப் பேசப்பட்டது. படப்பிடிப்பு நடக்கும் தெருவில் நிற்கும் அந்த நீண்ட வண்டியை ஊர் மக்கள் எட்ட நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். இன்று அதே வண்டி, படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிவறை ஆகிய வசதிகளோடு குடும்பச் சுற்றுலாவுக்கு உரிய வாகனமாக விளம்பரம் செய்யப்படுகிறது. அதன் விளைவாக வங்கிக் கிளைகளிலும் புதிய கேள்வி ஒன்று எழத் தொடங்கியுள்ளது. "மோட்டார் ஹோம் வாங்கக் கடன் கிடைக்குமா?" என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள்.

கடன் கிடைக்குமா என்பதற்கு விதிமுறைகள் விடை சொல்லும். வாங்கத்தான் வேண்டுமா என்பதற்கு எங்கள் கருத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கடன் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் நாங்கள். ஆயினும், இந்தக் கடனை வாங்காதீர்கள் என்றே பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அதே மூச்சில் இன்னொன்றும் சொல்வோம். வாழ்வில் ஒருமுறையேனும் இவ்வண்டியை வாடகைக்கு எடுக்க வேண்டிய காரணம் பல குடும்பங்களுக்கு உண்டு. அந்தக் காரணம், வீட்டில் இருக்கும் முதியவர்கள். இதைக் கோலார் தங்கவயலை முன்வைத்து விளக்குவது எளிது.

சிதறிய ஊர்

தங்கவயலின் வரலாறே இடப்பெயர்ச்சியின் வரலாறுதான். 1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் அங்கே பெரிய அளவில் சுரங்கம் தோண்டத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் கூட்டங்கூட்டமாக அங்கே வேலைக்குச் சென்றன. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து, இந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கியது. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட உழைப்பில் 800 டன்னுக்கும் அதிகமான தங்கம் வெளிவந்தது.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் சுரங்கங்களை மூடியது. வந்த குடும்பங்கள் மீண்டும் புறப்பட்டன. சிலர் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தனர். சிலர் சென்னைக்கும் வேலூருக்கும் ஓசூருக்கும் சென்றனர். ஊரைவிட மனமில்லாத ஆயிரக்கணக்கானோர் மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குப் போய்த் திரும்புகின்றனர். சுரங்கம் மூடப்பட்ட நாளில் நாற்பது வயதாயிருந்த தொழிலாளி இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். அவருக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் எண்பதை நெருங்கியிருப்பார் அல்லது கடந்திருப்பார். அவர்களுள் பலர் மக்கள் வீட்டில், வேறு நகரங்களில் வாழ்கிறார்கள். தாம் பிறந்த லைன் வீட்டையும், ஞாயிறுதோறும் சென்ற கோயிலையோ தேவாலயத்தையோ, இரட்டைச் சக்கரம் சுழன்ற ஷாஃப்டின் இரும்புக் கோபுரத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இருக்கிறது. அதை அவர்கள் அடிக்கடி சொல்வதில்லை.

சொல்லாததற்குக் காரணம் எளிமையானது. சென்னையிலிருந்து தங்கவயல் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். முதுகுவலி உள்ளவரால் அவ்வளவு நேரம் காரில் உட்கார இயலாது. சர்க்கரை நோய் உள்ள மூதாட்டிக்கு அடிக்கடி கழிவறை தேவைப்படும். சாலையோரக் கழிவறைகளை எண்ணியே அவர் பயணத்தை மறுத்துவிடுவார். பாறைத்தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் கண்டவருக்கு நெபுலைசர் வைக்க மின்சாரம் வேண்டும். இம்மூன்று தடைகளையும் ஒருசேர நீக்கும் வாகனம் மோட்டார் ஹோம். படுத்துக்கொண்டு வரலாம், கழிவறை ஐந்தடி தூரத்தில் இருக்கும், மருந்துக் கருவிக்கு மின் இணைப்பு இருக்கும். இளைஞர்களுக்கு இவ்வண்டி ஒரு பொழுதுபோக்கு. முதியவர்களுக்கோ இதுவே பயணத்தைச் சாத்தியமாக்கும் வழி.

வெளிநாடுகள் இதை முன்பே உணர்ந்துள்ளன. தங்கவயலில் ஆங்கிலேயர் சுரங்கம் தோண்டத் தொடங்கிய அதே பத்தாண்டில், 1885-இல், கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர் குதிரை இழுக்கும் வீட்டு வண்டி ஒன்றைச் செய்வித்துக்கொண்டு பிரிட்டனைச் சுற்றினார். இன்பச் சுற்றுலாவுக்கென்றே செய்யப்பட்ட முதல் கேரவன் என்று அது குறிப்பிடப்படுகிறது. இன்று ஆஸ்திரேலியாவில் ஓய்வுபெற்ற தம்பதியர் பல மாதங்கள் கேரவனில் நாட்டைச் சுற்றுவது ஒரு வாழ்க்கைமுறையாகவே ஆகிவிட்டது. நம் நாட்டில் கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை அறிவித்தது.

கணக்கு என்ன சொல்கிறது?

ஆசைக்கு எதிராகப் பேசுவதாக எண்ண வேண்டாம். வணிகவியல் படித்தவர்களுக்கு எதையும் கணக்கில் எழுதிப் பார்க்கும் பழக்கம் உண்டு. எடுத்துக்காட்டாக, ஒரு மோட்டார் ஹோமின் விலை 25 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். 5 லட்சத்தைக் கையிலிருந்து செலுத்தி, மீதி 20 லட்சத்துக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில் 7 ஆண்டுக் கடன் பெறுவதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 33,200 ரூபாய் வரும். ஏழாண்டுகளில் திருப்பிச் செலுத்தும் தொகை சுமார் 27.89 லட்சம். வட்டி மட்டும் 7.89 லட்சத்தை ஒட்டி வருகிறது.

இவ்வண்டியை ஆண்டுக்கு எத்தனை நாள் பயன்படுத்துவோம்? பள்ளி விடுமுறை, அலுவலக விடுப்பு, குடும்பத்தார் அனைவரும் ஒன்றாகக் கிடைக்கும் நாட்கள் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் 15 நாட்கள் தேறினால் அதிகம். ஓராண்டுத் தவணை 3,98,400 ரூபாய். பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 26,560 ரூபாய் விழுகிறது. காப்பீடு, சாலை வரி, பராமரிப்பு, வண்டி நிறுத்த இடம் ஆகியவற்றை இன்னும் சேர்க்கவில்லை. எஞ்சிய 350 நாட்கள் அது வாசலில் நிற்கும். அதற்கும் சேர்த்தே தவணை போகும்.

தேய்மானத்தையும் பார்க்க வேண்டும். காப்பீட்டில் பின்பற்றப்படும் அட்டவணைப்படி வண்டியின் மதிப்பு இரண்டாம் ஆண்டில் 20 விழுக்காடும், மூன்றாம் ஆண்டில் 30 விழுக்காடும், நான்காம் ஆண்டில் 40 விழுக்காடும், ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடும் குறைத்துக் கணக்கிடப்படுகிறது. 25 லட்சத்துக்கு வாங்கியது ஐந்தே ஆண்டுகளில் 12.5 லட்சமாகிவிடும். அப்போதும் இரண்டு ஆண்டுத் தவணை பாக்கியிருக்கும்.

வாடகைக்கு எடுத்தால்? நாளொன்றுக்கு 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மூன்று நாட்களுக்கு 30,000 ரூபாய். எரிபொருளும் சுங்கமும் தனி. மாதம் 3,000 ரூபாயைத் தொடர் வைப்புக் கணக்கில் 12 மாதங்கள் செலுத்தினால், 6.5 விழுக்காடு வட்டியில் முதிர்வுத் தொகை 37,000 ரூபாயைத் தாண்டும். கடன் இல்லை, வட்டிச் சுமை இல்லை. பயணம் முடிந்ததும் வண்டி உரிமையாளரிடம் திரும்பிவிடும். வாடகை இடத்துக்கு இடம் மாறும் என்பதால், மேலே உள்ள எண்களை நீங்கள் விசாரித்த எண்களைக் கொண்டு திருத்திக்கொள்ளலாம். விடையின் திசை மாறாது.

முதலில் நிற்கும் வீடு

தங்கவயல் குடும்பங்களுக்கு இன்னொரு காரணத்தாலும் இந்த அறிவுரை பொருந்தும். அங்கே தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர்கள் வாழ்ந்தது நிறுவனத்துக்குச் சொந்தமான லைன் வீடுகளில். வேலை இருக்கும்வரை கூரை இருந்தது. வேலை போனபோது, வீட்டின் உரிமைப் பத்திரம் யார் பெயரில் என்ற கேள்வி பல குடும்பங்களுக்கு நீண்ட நாள் கவலையாயிற்று. நான்கு தலைமுறை குடியிருந்தும் தமக்கெனப் பத்திரமில்லாத வீடு என்ன துயரத்தைத் தரும் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் எவரும் இலர். அத்தகைய குடும்பத்தின் அடுத்த தலைமுறை, தன் முதல் பெரிய கடனை நிற்கும் வீட்டுக்குப் பயன்படுத்துவதே முறை. நிலமும் வீடும் பெரும்பாலும் காலப்போக்கில் மதிப்புக் கூடுபவை. வண்டி ஆண்டுதோறும் மதிப்புக் குறைவது. நிற்கும் வீட்டுக்குக் கடன் வாங்குங்கள். ஓடும் வீட்டுக்குச் சேமியுங்கள்.

வாடகைக்கு எடுக்கும் முன்

முதலில் எண் பலகையைப் பாருங்கள். தாமே ஓட்டிச் செல்வதற்காக வாடகைக்கு விடப்படும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துகள் இருக்கும். ஓட்டுநரோடு வாடகைக்கு வரும் வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்துகள். வெள்ளைப் பலகை உள்ள வண்டி தனியார் சொந்தப் பயன்பாட்டுக்கு உரியது. அதைக் குறைந்த வாடகைக்குத் தருவதாக யாரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கோரிக்கை சிக்கலாகும். பழைய வேனைப் பட்டறையில் கொடுத்துக் கட்டில் பொருத்திய வண்டிகளிலும் எச்சரிக்கை தேவை. வாகனத்தின் அடிப்படை அமைப்பைப் பதிவுச் சான்றிதழுக்கு மாறாக மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடைசெய்கிறது. பதிவுச் சான்றிதழில் வண்டி எந்த வகையில் பதிவாகியுள்ளது என்பதைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

தமிழ்நாட்டிலிருந்து கர்நாடகத்துக்குச் செல்லும் வழியில் பெரும்பாலும் ஆந்திர எல்லையையும் கடக்க நேரும். வண்டிக்கு உரிய அனுமதி உள்ளதா, மாநில வரியை யார் செலுத்துவது, நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் வரை வாடகையில் அடக்கம், முன்பணம் எப்போது திரும்பக் கிடைக்கும் ஆகிய நான்கையும் எழுத்தில் பெறுங்கள். பணத்தை வங்கிக் கணக்கின் வழியே செலுத்தி ரசீது வாங்குங்கள். வாய்மொழி வாக்குறுதி வண்டி பழுதாகி நிற்கும் இடத்தில் உதவாது.

பாதையும் முக்கியம். பேர்ணாம்பட்டிலிருந்து வி.கோட்டைக்கு ஏறும் பத்தலப்பல்லி மலைப்பாதை வளைவுகள் நிறைந்தது. உயரமான வண்டியோடு, உள்ளே படுத்திருக்கும் முதியவரோடு அதில் போவதைவிட, சற்றுச் சுற்றாயினும் கிருஷ்ணகிரி வழியாகச் செல்வது உடலுக்கு நல்லது. பெங்களூரிலிருந்து வருவோருக்கு ஒசகோட்டைக்கும் பேத்தமங்கலத்துக்கும் இடைப்பட்ட புதிய விரைவுச்சாலை கைகொடுக்கிறது.

காற்றும் தீயும்

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரைக்கு அருகே சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவனில் இருவர் இறந்துகிடந்தனர். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் பரவியதே காரணம் என்று பின்னர் ஆய்வில் தெரியவந்தது. இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குபவர் எழுவதே இல்லை. சுரங்கத்தில் வேலை செய்த பெரியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆழத்துக்குக் காற்றை அனுப்புவதே அங்கு மனிதர் உயிரோடிருப்பதற்கு முதல் நிபந்தனை. ஜெனரேட்டரை இயக்கிக்கொண்டு வண்டிக்குள் உறங்கக் கூடாது என்ற விதியை அவரிடமே ஒப்படைத்துவிடலாம். இரவில் தங்கும் இடத்தில் மின் இணைப்புப் பெறுவதே சரியான வழி. கார்பன் மோனாக்சைடை அறிவிக்கும் சிறு கருவி வண்டியில் உள்ளதா என்று கேளுங்கள். இல்லையெனில் வாங்கி வையுங்கள்.

தீயும் அப்படியே. 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலைய வளாகத்தில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவரப்பட்ட எரிவாயு உருளையால் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். நகரும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொள்வதே மேல். வெந்நீருக்கும் கஞ்சிக்கும் மின் கெட்டில் போதும். மற்ற உணவை ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

யார் அள்ளுவது?

இவ்வண்டிகளைப் பற்றிய விளம்பரங்கள் சொல்லாத கேள்வி ஒன்று உண்டு. வண்டிக் கழிவறையின் தொட்டி நிறைந்ததும் அதை யார் காலிசெய்வது? மனிதக் கழிவை மனிதர் அள்ளும் கொடுமைக்கு எதிராக வாழ்நாள் முழுவதும் போராடி, 2016-இல் மகசேசே விருது பெற்ற பெஜவாடா வில்சன் பிறந்த ஊர் தங்கவயல். அந்த ஊரின் உலர் கழிப்பிடங்களிலிருந்துதான் அவருடைய போராட்டம் தொடங்கியது. மனிதர் கழிவகற்றும் பணியைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் வந்தது. அப்படிப்பட்ட ஊருக்குச் சென்று, சாக்கடையில் தொட்டியைக் கவிழ்ப்பதோ, நூறு ரூபாய் நீட்டி யாரையேனும் அதைச் செய்யச் சொல்வதோ அந்த ஊரின் வரலாற்றுக்கு இழைக்கும் அவமதிப்பு.

வெளியே இழுத்து எடுக்கத்தக்க தொட்டி உள்ள வண்டியைத் தேர்ந்தெடுங்கள். கையுறை அணிந்து, தங்கும் விடுதியின் கழிவறையில் நாமே ஊற்றிக் கழுவிவிடலாம். குடும்பத்தில் திடமான ஒருவர் இவ்வேலைக்கு முன்வரவில்லையென்றால், மோட்டார் ஹோம் எடுக்கும் தகுதி அக்குடும்பத்துக்கு இன்னும் வரவில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. தண்ணீரையும் அளந்து செலவிடுங்கள். பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியை நம்பி வளர்ந்த, தண்ணீருக்குத் தவிப்பு அறிந்த ஊர் அது.

ஊருக்கும் ஒரு பங்கு

படுக்கையும் உணவும் குடிநீரும் வண்டியிலேயே இருந்தால், போகும் ஊரில் ஒரு ரூபாய்கூடச் செலவிடாமல் திரும்பிவிட முடியும். சேமிப்பு என்று இதைச் சிலர் பாராட்டுவார்கள். நாங்கள் பாராட்ட மாட்டோம். சம்பளநாளில் சுரங்கத் தொழிலாளரின் பணம் வந்து புழங்கிய கடைத்தெருக்கள் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் இன்றும் உள்ளன. அந்தச் சம்பளம்தான் இல்லை. காலைச் சிற்றுண்டியை அங்குள்ள உணவகத்தில் உண்ணுங்கள். காய்கனிகளை எம்.ஜி. மார்க்கெட்டில் வாங்குங்கள். இரவில் சாலையோரம் நிறுத்தாமல், விடுதி அல்லது திருமண மண்டப வளாகத்தில் வாடகை கொடுத்து நிறுத்துங்கள். பாதுகாப்பும் கிடைக்கும், ஊருக்கு வருமானமும் கிடைக்கும்.

சுரங்கக் கழிவு மண் குன்றுகளாகக் குவிந்துள்ள சைனைடு மேடுகள் திரைப்படங்களால் புகழ்பெற்றுவிட்டன. படம் எடுக்க ஆசைப்படும் பிள்ளைகளைத் தொலைவிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். காற்று வீசும் நேரத்தில் அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு; ஏற்கெனவே நுரையீரல் நொந்தவர் வண்டியில் இருக்கிறார் என்பதை நினைவிற்கொண்டு அருகில் வண்டியை நிறுத்தாதீர்கள். மூடிய ஷாஃப்டுகளின் பக்கம் அனுமதியின்றிப் போகக் கூடாது. பார்ப்பதற்கு வேறு இடங்கள் பல உண்டு. சாம்பியன் ரீஃபின் வெற்றி மாதா தேவாலயம், கம்மசந்திராவின் கோடிலிங்கேசுவரர் கோயில், பேத்தமங்கலம் ஏரிக்கரை ஆகியவை முதியவரோடு நிதானமாகச் சென்றுவரத் தக்கவை.

எல்லாவற்றுக்கும் மேலாக, வழியில் கைப்பேசியைச் சற்று நேரம் மடித்து வைத்துவிட்டுப் பெரியவர்களைப் பேச விடுங்கள். வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களை 1965-இல் உலகிலேயே முதலில் பதிவுசெய்த இடங்களுள் தங்கவயலும் ஒன்று என்பதைப் பிள்ளைகள் பாடநூலில் படிக்கக்கூடும். அந்த ஆழத்துக்குக் கூண்டில் இறங்கும்போது காது எப்படி அடைக்கும், பாறை எவ்வளவு சுடும், மேலே வந்ததும் முதலில் குடித்த தேநீர் எப்படி இருந்தது என்பதைச் சொல்ல அவர்களுடைய தாத்தாவால்தான் முடியும்.

தங்கவயல் இங்கே ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு அது தேயிலைத் தோட்டமாக இருக்கலாம், ரயில்வே குடியிருப்பாக இருக்கலாம், அணைநீரில் மூழ்கியதுபோக எஞ்சிய கிராமமாக இருக்கலாம். எங்கே போக விரும்புகிறீர்கள் என்று இந்த வாரமே அவரிடம் கேளுங்கள். அடுத்த மாதம் ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்குங்கள். பன்னிரண்டு மாதங்களில் வாடகைத் தொகை சேர்ந்துவிடும். அதுவரைகூடக் காத்திருக்க முடியாத உடல்நிலையென்றால், இருக்கும் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவிடுங்கள். வைப்புத் தொகைக்கு நாங்கள் முதிர்வு நாளைக் குறித்துக் கொடுக்கிறோம். பெரியவர்களின் ஆயுளுக்கு அப்படியொரு நாளை எந்த வங்கியாலும் குறித்துத் தர இயலாது.